அலைக்கற்றை: விலை தேடிய கதை – 19
தீபாவளிக்கு முதல் நாள்

சென்ற வாரம் 2012 பிப்ரவரி 2-ஆம் தேதியில் நிறுத்தியிருந்தோம். நீதிபதிகள் ஜி.எஸ். சிங்வி, ஏ.கே. கங்குலி அமர்வு ஒரே தீர்ப்பில் 122 உரிமங்களை ரத்து செய்த நாள்.

யூனிநார் என்ற பெயரில் கடை விரித்திருந்த யூனிடெக் 22 உரிமங்களை இழந்தது. லூப், சிஸ்டெமா ஷியாம், வீடியோகான் மூன்றுக்கும் தலா 21 போயின. எடிசலாட்டுக்கு 15, ஐடியாவுக்கு 13, எஸ் டெல்லுக்கு 6, டாடாவுக்கு 3. முதலில் வந்தவருக்கு முதலில் என்று 2008 ஜனவரி 10-ஆம் தேதி ஒரே பிற்பகலில் அள்ளிக் கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கு, ஏலத்தில் விடு என்றது உச்ச நீதிமன்றம்.

ஏலம் விட வேண்டும், சரி. எந்த விலையிலிருந்து?

இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல டெல்லிக்கு ஆறு மாதம் ஆனது. அந்த விடை சரியா என்று தெரிய தீபாவளி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

*

விலையின் கதை புரிய வேண்டுமென்றால் இரண்டு வருடம் பின்னால் போக வேண்டும். 2010 ஏப்ரல் 9. 3ஜி ஏலம் தொடங்கிய நாள்.

சுத்தியல் கிடையாது, மேடை கிடையாது, ஒரு தரம் இரண்டு தரம் என்று கூவ ஆளும் கிடையாது. நிறுவனங்கள் அவரவர் அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தன. திரையில் 22 தொலைத்தொடர்பு வட்டங்களின் பெயர், அந்தச் சுற்றின் விலை, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற கணக்கு. இருப்பதைவிடக் கேட்பவர் அதிகம் என்றால் அடுத்த சுற்றில் விலை ஏறும். எல்லா வட்டத்திலும் கேட்பு அடங்கும்வரை ஏலம் ஓடும். சும்மா வேடிக்கை பார்த்துவிட்டுக் கடைசியில் நுழைய முடியாது. சுற்றுக்குச் சுற்று கேட்டுக்கொண்டே வந்தால்தான் உள்ளே இருக்கலாம்.

நாடு முழுவதற்கும் 5 மெகாஹெர்ட்ஸ் கொண்ட ஒரு பிளாக்குக்கு அரசு வைத்த ஆரம்ப விலை 3,500 கோடி ரூபாய். ஏலம் 34 நாள் ஓடியது. 183 சுற்று. மே 19-ஆம் தேதி அடங்கியபோது விலை 16,750 கோடியைத் தாண்டி நின்றது. டெல்லி வட்டம் மட்டும் 3,316 கோடி. மும்பை 3,247 கோடி. இரண்டு நகரங்கள் சேர்ந்து நாடு முழுவதற்குமான விலையில் ஏறத்தாழ 40 சதவீதம்.

3ஜியில் 67,700 கோடிக்கு மேல். அதை அடுத்து நடந்த பிராட்பேண்ட் அலைக்கற்றை ஏலத்தில் 38,500 கோடி. பட்ஜெட்டில் எதிர்பார்த்தது 35,000 கோடி. கைக்கு வந்தது ஒரு லட்சத்து ஆறாயிரம் கோடி. நிதி அமைச்சகத்தில் அந்த ஆண்டு முகங்கள் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏன் அவ்வளவு ஏறியது?

சரக்கு குறைவு என்பது முதல் காரணம். டெல்லியில் தனியாருக்கு இருந்தவை மூன்றே பிளாக். நான்காவது ஏற்கெனவே அரசு நிறுவனமான எம்.டி.என்.எல். கையில். அடுத்த பிளாக் எப்போது வரும் என்று யாரும் சொல்லத் தயாரில்லை. அரசிடம் அப்படி ஒரு அட்டவணையே கிடையாது. டெல்லியிலும் மும்பையிலும் பழைய நிறுவனங்களின் வலைப்பின்னல் நெரிசலில் திணறிக்கொண்டிருந்தது. இன்று விட்டால் என்றைக்கோ என்ற பயத்தில் கேட்டார்கள். அந்த 16,750 கோடியில் அலைக்கற்றையின் மதிப்பு எவ்வளவு, பயத்தின் மதிப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் தராசு இல்லை. டெல்லியிலும் இருந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது விஷயம் அப்போது பெரிதாகப் பேசப்படவில்லை. பணம் முழுவதையும் பத்து நாளுக்குள் கட்ட வேண்டும் என்பது விதி. அத்தனை பேரும் வங்கிக்கு ஓடினார்கள். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஏர்செல் 13 வட்டங்களுக்கு 6,499 கோடி கட்டியது. அந்தக் கடன் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பது இந்தத் தொடரில் பின்னால் வரும்.

*

ஏலம் முடிந்து ஆறு மாதம். 2010 நவம்பரில் தலைமைத் தணிக்கையாளரான சி.ஏ.ஜி.யின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. வினோத் ராய் காலம்.

2008-இல் நாடு தழுவிய உரிமம் 1,658 கோடிக்குப் போனது. அது 2001-ஆம் ஆண்டு விலை. ஏலம் விட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும்? அறிக்கை ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகோல்களை வைத்துப் பார்த்தது. எஸ் டெல் நிறுவனம் தருவதாகச் சொன்ன தொகையை வைத்துப் பார்த்தால் 67,364 கோடி. உரிமம் வாங்கிய நிறுவனங்கள் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பங்கு விற்ற விலையை வைத்துப் பார்த்தால் 57,666 கோடி முதல் 69,626 கோடி வரை. 3ஜி ஏல விலையை வைத்துப் பார்த்தால் 1,76,645 கோடி.

நாட்டுக்கு நினைவிருப்பது கடைசித் தொகை மட்டும். டீக்கடைப் பெஞ்சில்கூட அந்தப் பூஜ்யங்களை எண்ணினார்கள்.

கவனியுங்கள். அந்த 34 நாள் ஏலம் பெற்ற முதல் குழந்தை இது. இரண்டாவது குழந்தை 2012 ஏப்ரல் 23-இல் பிறந்தது. ரத்தான அலைக்கற்றைக்கு என்ன ஆரம்ப விலை வைக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அன்று பரிந்துரை கொடுத்தது. ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 3,622 கோடி. 5 மெகாஹெர்ட்ஸுக்கு 18,110 கோடி. கணக்கின் அடித்தளம் அதே 3ஜி விலை.

ஏலத்தின் உச்சத்தில் கேட்டு நின்ற விலை இப்போது ஏலம் தொடங்கும் விலையாகிவிட்டது. அதற்கும் மேலே.

ஊர்க் கண்மாயில் மீன்பாசிக் குத்தகை ஏலம் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு வருடம் மழை கொட்டி, கண்மாய் நிறைந்து, இரண்டு பங்காளிகள் வீம்புக்கு ஏற்றி ஏற்றிக் கேட்டு ஒரு தொகை வந்திருக்கும். மறு வருடம் அந்தத் தொகையிலிருந்துதான் ஏலம் தொடங்கும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னால், கூட்டம் வரும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கரையிலேயே நின்று பார்த்துவிட்டுப் போய்விடும்.

*

விலையைக் குறைத்திருக்கலாமே என்று கேட்கலாம். யார் குறைப்பது?

2011 பிப்ரவரி 2-ஆம் தேதியை டெல்லி அதிகாரிகள் மறந்திருக்கவில்லை. 2008-இல் அந்த உரிமங்களை வழங்கிய முன்னாள் அமைச்சர் ஆ. ராசா அது தொடர்பான வழக்கில் கைதான அதே நாளில் தொலைத்தொடர்புத் துறையின் முன்னாள் செயலர் சித்தார்த் பெஹுராவும் கைதானார். அரசாங்கத்தின் உச்சப் பதவியில் இருந்த ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி திகார் சிறைக்குப் போனதை ஒவ்வொரு செயலரும் பார்த்தார். அந்த வழக்கில் 2017 டிசம்பர் 21-இல் எல்லோரையும் சிறப்பு நீதிமன்றம் விடுவித்துவிடும் என்பது 2012-இல் யாருக்கும் தெரியாது. அன்று தெரிந்தது ஒன்றுதான்: குறைந்த விலைக்கு எழுதிய கோப்பு ஒருநாள் சாட்சிக் கூண்டில் வந்து நிற்கும்.

விலையை முடிவு செய்ய வேண்டிய அமைச்சர்கள் குழுவிலும் இருக்கை நிலையாக இல்லை. தலைவராக இருந்த பிரணாப் முகர்ஜி குடியரசுத் தலைவர் தேர்தலுக்குப் போனார். அடுத்துச் சொல்லப்பட்ட சரத் பவார் தனக்கு வேண்டாம் என்று ஒதுங்கினார். பொறுப்பு கடைசியில் ப. சிதம்பரத்திடம் வந்தது. 2012 ஆகஸ்ட் 3-இல் அமைச்சரவை 5 மெகாஹெர்ட்ஸுக்கு 14,000 கோடி என்று முடிவு செய்தது. டிராய் சொன்னதைவிட 23 சதவீதம் குறைவு. 3ஜி உச்ச விலையைவிடவும் கொஞ்சம் குறைவு. நடுவில் ஒரு கோடு போட்டார்கள். அந்த எண்ணுக்குச் சந்தையில் என்ன நியாயம் என்று கேட்டால் விடை சொல்வது கடினம். கோப்பில் வைக்கத் தைரியம் தரும் எண் அது, அவ்வளவுதான்.

இதோடு பட்ஜெட் வேறு. 2012-13 நிதிநிலை அறிக்கையில் அலைக்கற்றையிலிருந்து 40,000 கோடி வரும் என்று எழுதியாகிவிட்டது.

செப்டம்பர் 27-இல் இன்னொரு திருப்பம். இயற்கை வளங்களை ஏலத்தில்தான் விட வேண்டுமா என்று குடியரசுத் தலைவர் மூலமாக அரசு கேட்டிருந்த கேள்விக்கு, தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு பதில் சொன்னது. ஏலம் ஒன்றே அரசியல் சாசனம் சொல்லும் வழி அல்ல. ஆனால் அலைக்கற்றை பற்றிய தீர்ப்பு அப்படியே நிற்கும். அரசுக்குப் பாதி மூச்சு வந்தது. ஏலத்திலிருந்து தப்ப வழி வரவில்லை.

*

எதிர்ப்பக்கம் நிறுவனங்கள் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன.

2008 தொடக்கத்தில் நாட்டில் செல்பேசி இணைப்புகள் சுமார் 24 கோடி. மாதா மாதம் லட்சக்கணக்கில் கூடிக்கொண்டே போன காலம். 2009-இல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று விலைப்போரைத் தொடங்கியது. எல்லோரும் பின்னால் ஓடினார்கள். 2012 ஜூனில் இணைப்புகள் 93 கோடியைத் தொட்டன. அதன்பிறகு, இந்தியச் செல்பேசி வரலாற்றில் இல்லாத அதிசயமாக, எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. பயன்படாத சிம்களைக் கழித்ததும் ஒரு காரணம். நவம்பரில் 89 கோடி. ஒரே வட்டத்தில் பத்துப் பன்னிரண்டு நிறுவனங்கள் மோதின. 3ஜிக்கு வாங்கிய கடனின் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. 3ஜி வருமானம் எதிர்பார்த்தபடி வரவில்லை.

இதற்கு நடுவே அரசு இன்னொரு கல்லைத் தூக்கிப் போட்டது. ஏலத்துக்கு நான்கு நாள் முன்பு, நவம்பர் 8-இல், பழைய நிறுவனங்கள் ஒரு வரம்புக்கு மேல் வைத்திருக்கும் அலைக்கற்றைக்கு ஒருமுறைக் கட்டணம் கட்ட வேண்டும் என்று அமைச்சரவை முடிவு செய்தது. கையில் இருப்பதற்கே புதிதாகப் பணம் கட்டு என்றால், புதிதாக வாங்க யாருக்குக் கை வரும்?

பெரிய நிறுவனங்களின் கண் வேறெங்கோ இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். டெல்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பழைய உரிமங்கள் 2014-இல் காலாவதியாக இருந்தன. அவை நின்றுகொண்டிருந்தது 900 மெகாஹெர்ட்ஸில். சுவரைத் துளைத்து வீட்டுக்குள் நன்றாகப் போகும் அலை. குறைந்த கோபுரங்களை வைத்து அதிக இடத்தை மூடலாம். அதைத் தக்கவைத்துக்கொள்ளப் பணம் வேண்டும். இன்று ஏலம் போகும் 1800 மெகாஹெர்ட்ஸில் அதைக் கரைப்பானேன்?

விதியும் அவர்களுக்கு வசதியாக இருந்தது. 1.25 மெகாஹெர்ட்ஸ் துண்டுகளாகத்தான் ஏலம். புதிதாக வருபவர் குறைந்தது நான்கு துண்டு எடுத்தாக வேண்டும். பழையவர் ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டு போகலாம்.

நார்வேயின் டெலினார் மட்டும் உயிர்ப் பிரச்சினையாக வந்தது. யூனிடெக்கோடு சேர்ந்து யூனிநாரைக் கட்டியது அதுதான். உரிமம் ரத்தாகி, கூட்டாளியோடு முறைத்துக்கொண்டு, டெலிவிங்ஸ் என்ற புதுப் பெயரில் ஏலத்துக்கு விண்ணப்பித்தது. ஆனால் எல்லா வட்டங்களுக்கும் கொடுக்க அதனிடமும் மனம் இல்லை. அதற்கு முன்பே தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஒடிசாவில் யூனிநார் கடையைச் சுருட்டத் தொடங்கியிருந்தது. மலிவு ரீசார்ஜுக்காக அந்த சிம்மை வாங்கிய நம்மூர்ப் பையன்கள் எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போக வழி தேடிக்கொண்டிருந்தார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவர்களுக்கு வந்து சேர்ந்த விதம் அது.

சி.டி.எம்.ஏ. நிறுவனங்களுக்கான 800 மெகாஹெர்ட்ஸ் ஏலம் நடக்கவே இல்லை. அதற்கு 18,200 கோடி ஆரம்ப விலை வைத்திருந்தார்கள். விண்ணப்பித்திருந்த டாடாவும் வீடியோகானும் முன்பே விலகிக்கொண்டன.

*

2012 நவம்பர் 12, திங்கட்கிழமை.

மறுநாள் தீபாவளி. நம் தெருக்களில் காலையிலிருந்தே ஆங்காங்கே சரம் வெடித்துக்கொண்டிருந்த நாள். டெல்லியில் அரசின் கணினித் திரை உயிர்பெற்றது.

ஐந்து நிறுவனங்கள் உள்ளே இருந்தன: ஏர்டெல், வோடஃபோன், ஐடியா, டெலிவிங்ஸ், வீடியோகான். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் வரவில்லை. ஏர்செல் வரவில்லை. நாடு முழுவதற்குமாகக் கேட்க ஒருவரும் இல்லை.

முதல் சுற்று முடிந்தது.

டெல்லி: கேட்டவர் யாரும் இல்லை.

மும்பை: யாரும் இல்லை.

கர்நாடகம், ராஜஸ்தான்: அதே கதை.

இரண்டரை வருடம் முன்பு 34 நாள் அடித்துக்கொண்டு 3,316 கோடிக்கு எடுத்த டெல்லி இது. இப்போது ஆரம்ப விலை சுமார் 2,770 கோடி. திரையில் அந்த வரிக்கு எதிரே சுற்றுக்குச் சுற்று பூஜ்யம். எல்லோருக்கும் வேண்டிய நகரம்தான். அந்த விலைக்கு யாருக்கும் வேண்டாம்.

அன்று மாலை கணக்கு 9,200 கோடியை ஒட்டி நின்றது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஏலம் தீபாவளி கொண்டாடியது.

புதன்கிழமை, 14-ஆம் தேதி, மறுபடி திரை திறந்தது. விலை நகர்ந்தது ஒரே ஒரு இடத்தில்: பீகார். நாட்டின் ஏழை வட்டம் என்று கம்பெனிகள் ஒதுக்கிய இடத்தில், ஆரம்ப விலை குறைவாக இருந்த இடத்தில், உண்மையான ஏலம் நடந்தது. ஒருவர் கேட்டார், இன்னொருவர் மேலே கேட்டார், விலை ஏறியது. மற்ற இடங்களில் எடுத்தவர்கள் எல்லாம் அரசு எழுதி வைத்த விலையைக் கொடுத்து எடுத்தார்கள். அதைக் கடையில் வாங்குவது என்று சொல்லலாம். ஏலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

14-ஆவது சுற்றோடு எல்லாம் அடங்கியது. மொத்தம் 9,407.64 கோடி.

டெலிவிங்ஸ் ஆறு வட்டங்களுக்கு 4,018 கோடி. வீடியோகான் ஆறு வட்டங்களுக்கு 2,221 கோடி. ஐடியா 2,031 கோடி. 14 வட்டங்களில் துண்டு துண்டாகப் பொறுக்கிய வோடஃபோன் 1,128 கோடி. நாட்டின் மிகப் பெரிய செல்பேசி நிறுவனமான ஏர்டெல் எடுத்தது அசாமில் ஒரு துண்டு: 8.67 கோடி. வந்து போனதற்கு அடையாளமாக மொய் எழுதிய மாதிரி.

அரசு இந்த 1800 மெகாஹெர்ட்ஸில் எதிர்பார்த்திருந்தது 28,000 கோடி.

ஒரு தற்செயல். ஆ. ராசா அமைச்சர் பதவியிலிருந்து விலகியது 2010 நவம்பர் 14. சரியாக இரண்டு வருடம், அதே தேதி.

*

அன்றிலிருந்து வாரம் முழுவதும் டெல்லியில் வெடித்தது வேறு பட்டாசு.

2008 ஒதுக்கீட்டில் பூஜ்ய நஷ்டம் என்று முன்பே சொல்லிக் கேலிக்கு ஆளாகியிருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் கபில் சிபல் இப்போது நிமிர்ந்து பேசினார். அந்த 1.76 லட்சம் கோடி எங்கே போயிற்று என்று சி.ஏ.ஜி.யைப் பார்த்துக் கேட்டார் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் மணீஷ் திவாரி. எதிர்த்தரப்பில் பா.ஜ.க. விடவில்லை. 2008-இல் பசித்திருந்த சந்தைக்கு 2012-இல் ஏலம் விட்டுவிட்டு நஷ்டமே இல்லை என்பதா என்றது.

இரண்டு பக்கமும் இந்த ஏலத்திடம் அதனால் சொல்ல முடியாததைக் கேட்டன. 24 கோடி இணைப்பு இருந்த சந்தை 2008-இல் என்ன கொடுத்திருக்கும் என்பதை 89 கோடி இணைப்போடு கடனில் மூழ்கிய சந்தையை வைத்து அளக்க முடியாது. சி.ஏ.ஜி. 2010-இன் காய்ச்சலை 2008-க்குப் பின்னோக்கி எடுத்துப்போனது. அமைச்சர்கள் 2012-இன் குளிரைப் பின்னோக்கி எடுத்துப்போனார்கள். இதில் எனக்கு அமைச்சர்கள் மேல்தான் கோபம் அதிகம். ஏனென்றால் 14,000 கோடி என்று எழுதியது அவர்கள் கை. விலையைத் தானே எழுதி வைத்துவிட்டு, சந்தை விலை சொல்லவில்லை என்று சந்தையையும் தணிக்கையாளரையும் குறை சொல்வது என்ன நியாயம்?

*

ஆனால் டெல்லி, மும்பை, கர்நாடகம், ராஜஸ்தான் நான்கும் இன்னும் அரசின் கையில்தான் இருந்தன. மார்ச்சுக்குள் பணம் வர வேண்டும். மறுபடி ஏலம் விட்டாக வேண்டும்.

இப்போது குறைத்தே தீர வேண்டும். அந்த நான்கு வட்டங்களுக்கும் 30 சதவீதம் குறைத்தார்கள். டெல்லி சுமார் 1,940 கோடிக்கு இறங்கியது. 800 மெகாஹெர்ட்ஸை அப்படியே பாதியாக வெட்டினார்கள். குறைத்தவர்கள் கையோடு இன்னொன்றும் செய்தார்கள். பெரிய நிறுவனங்கள் உயிரைக் கொடுத்துக் காக்க நினைத்த அந்த 900 மெகாஹெர்ட்ஸை டெல்லி, மும்பை, கொல்கத்தாவுக்கு இதே ஏலத்தில் சேர்த்தார்கள். 1800-ஐப்போல இரண்டு மடங்கு விலையில்.

இது தூண்டிலா, மிரட்டலா? ஏர்டெல்லும் வோடஃபோனும் இத்தனை வருடமாக நின்ற தரையைத் தாங்களே ஏலம் கேட்க வேண்டும். வராவிட்டால் வேறு யாராவது எடுத்துக்கொண்டு போகலாம். யாரும் வராவிட்டால், அரசு மறுபடி விலையைக் குறைக்க வேண்டும்.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2013 பிப்ரவரி 25. அன்று மாலை கதவு மூடும்போது அதிகாரிகளின் மேசையில் எத்தனை உறைகள் இருந்தன?

(அடுத்த வாரம்)